ஃபோட்டோஷாப் 5.0 நிற மாற்றச் சிக்கல்

ஃபோட்டோஷாப் 5.0 நிற மாற்றச் சிக்கல் என்பது, அடோபி நிறுவனம் 1998 மே மாதம் வெளியிட்ட ஃபோட்டோஷாப் ஐந்தாம் பதிப்புக்கு மாறியவர்கள் தங்கள் பழைய படங்களின் நிறம் வேறாகத் தெரிவதைக் கண்டதால் எழுந்த சிக்கலைக் குறிக்கும். அதையொட்டி எழுந்த விவாதமும் அடோபி செய்த திருத்தங்களும் இதில் அடங்கும். முந்தைய நாள் வரை நான்காம் பதிப்பில் சரியாக இருந்த படம், புதிய பதிப்பில் சிலருக்குக் கருத்துத் தெரிந்தது. வேறு சிலருக்கு ஃபோட்டோஷாப்பில் சரியாகத் தெரிந்த படம் இணைய உலாவியில் வெளுத்துப் போனது. இதை மென்பொருளில் உள்ள பிழை என்றே பலர் முதலில் கருதினர். உண்மையில் கணினிப் படங்களில் தொடக்கம் முதல் மறைந்திருந்த ஒரு குறையை ஐந்தாம் பதிப்பு வெளியே கொண்டுவந்தது. ஆனால் கொண்டுவந்த முறையால் சில படங்களுக்கு மீட்க முடியாத சேதமும் ஏற்பட்டது. இன்று படத்தொகுப்பு மென்பொருள்கள் நிறத்தைக் கையாளும் முறையின் பெரும்பகுதி இந்தச் சிக்கலிலிருந்து உருவானதே.

எண்ணும் நிறமும்

கணினிப் படம் என்பது பிக்சல் எனப்படும் சிறு புள்ளிகளின் தொகுப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு 0 முதல் 255 வரை மூன்று எண்கள் உண்டு. இதுவே ஆர்.ஜி.பி. முறை. மூன்றும் 0 என்றால் கருப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. இந்த அளவுக்குப் பாடநூல்களிலும் உண்டு. அவற்றில் பெரும்பாலும் விடுபடுவது, 'எந்தச் சிவப்பில் 200?' என்ற கேள்வி.

மெட்ரிக் முறை வருவதற்கு முன் நம் ஊர்ச் சந்தைகளில் படியால் அளந்து நெல் வாங்கியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓர் ஊரின் படியும் இன்னோர் ஊரின் படியும் ஒரே அளவு அல்ல. 'பத்துப் படி' என்று மட்டும் ஓலையில் எழுதி அனுப்பினால், பெறுபவர் தம் ஊர்ப் படியால்தான் அளந்து பார்ப்பார். எண் மாறவில்லை, நெல்லின் அளவு மாறிவிட்டது. ஆர்.ஜி.பி. எண்களும் அத்தகையவையே. திரையின் உட்புறம் பூசப்பட்ட ஒளிர்பொருள் எத்தகைய சிவப்பைத் தருகிறது, வெள்ளை எவ்வளவு நீலம் கலந்தது, நடுத்தர எண்களுக்குத் திரை எவ்வளவு ஒளி தருகிறது என்பவை திரைக்குத் திரை வேறுபடும்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னது காமா எனப்படும். 1990-களில் ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினிகளின் காமா 1.8 ஆகவும், விண்டோஸ் கணினிகளின் காமா ஏறத்தாழ 2.2 ஆகவும் இருந்தன. வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். 128 என்ற நடுச்சாம்பல் எண்ணுக்கு மெக்கின்டாஷ் திரை வெள்ளையின் ஒளியில் ஏறத்தாழ 29 விழுக்காட்டைத் தந்தது. விண்டோஸ் திரை ஏறத்தாழ 22 விழுக்காட்டைத் தந்தது. அதனால் மெக்கின்டாஷில் தயாரித்த படம் விண்டோஸில் இருண்டு தெரிந்தது. இணையதளம் வடிவமைப்பவர்கள் இரண்டு கணினிகளையும் அருகருகே வைத்துப் பார்த்துத் தோராயமாக நடுவே ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான்காம் பதிப்பு வரை

ஃபோட்டோஷாப்பைத் தொடங்கியவர்கள் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அமெரிக்கச் சகோதரர்கள். தாமஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் எழுதத் தொடங்கிய நிரல், 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் 1.0 என்ற பெயரில் மெக்கின்டாஷ் கணினிகளுக்காக வெளிவந்தது. அப்போதிருந்து நான்காம் பதிப்பு வரை நிறத்தைக் கையாண்ட முறை எளிமையானது. கோப்பில் உள்ள எண்களை அது அப்படியே திரைக்கு அனுப்பியது. பயன்படுத்துபவரின் திரையே படத்தின் நிறவெளி. திரையில் தெரிவதே நிறம்.

ஒருவர் ஒரே கணினியில் படத்தைத் திருத்தி, அதே அறையில் உள்ள அச்சுப்பொறியில் அச்சிட்டுப் பழகிவிட்டால் இந்த முறையில் குறை தெரியாது. கோப்பு இன்னொரு கணினிக்குப் போகும்போதுதான் தெரியும். அச்சுக்காக ஆர்.ஜி.பி. படத்தைச் சி.எம்.ஒய்.கே. எனப்படும் நான்கு மை முறைக்கு மாற்றும்போது விளைவு இன்னும் விந்தையானது. அந்த மாற்றத்துக்கு ஃபோட்டோஷாப், திரையைப் பற்றிப் பயனர் தந்த அமைப்பையே அடிப்படையாகக் கொண்டது. அதனால் ஒரே படத்தை, ஒரே அச்சகத்துக்காக, இரண்டு மேசைகளில் இருவர் பிரித்தால், திரை அமைப்பு வேறாக இருந்தால் மை அளவும் வேறாக வந்தது. திரைக்கும் அச்சு மைக்கும் நேரடித் தொடர்பே இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த முறையின் கோளாறு விளங்கும்.

ஆயினும் தொழிலில் இருந்தவர்கள் இதற்குப் பழகிப்போயிருந்தார்கள். தங்கள் திரையில் சற்றுச் சிவந்து தெரிந்தால் அச்சில் சரியாக வரும் என்பது போன்ற அனுபவ அறிவு ஒவ்வொருவரிடமும் இருந்தது. அந்த அறிவுதான் 1998-இல் ஒரே நாளில் பயனற்றுப் போனது. எழுந்த கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

பொது அளவுகோல்

எல்லோருக்கும் பொதுவான நிற அளவுகோல் அப்போது இல்லாமல் இல்லை. 1920-களில் இங்கிலாந்தில் டேவிட் ரைட், ஜான் கில்ட் ஆகிய இருவரும் தனித்தனியே செய்த சோதனைகளில் மொத்தம் 17 பேர் ஒளிகளைக் கலந்து நிறங்களைப் பொருத்திக் காட்டினர். அந்த முடிவுகளைக் கொண்டு சி.ஐ.இ. எனப்படும் பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 1931-இல் ஓர் அளவுமுறையை வகுத்தது. கருவியைச் சாராமல், மனிதக் கண்ணின் உணர்வைக் கொண்டு நிறத்தைக் குறிக்க அது உதவியது.

கணினித் துறைக்கு அதைக் கொண்டுவரும் வேலையை 1993-இல் தொடங்கப்பட்ட ஐ.சி.சி. என்ற பன்னாட்டு நிறக் கூட்டமைப்பு மேற்கொண்டது. அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கோடக், ஆக்ஃபா முதலிய நிறுவனங்கள் இதில் சேர்ந்தன. புரொஃபைல் என்னும் சிறு கோப்பு இந்த ஏற்பாட்டின் மையம். ஒரு திரையோ வருடியோ அச்சுப்பொறியோ தரும் எண்களுக்குச் சி.ஐ.இ. அளவுமுறையில் என்ன பொருள் என்பதை அது சொல்லும். படக்கோப்பிலேயே புரொஃபைலைப் பொதிந்து அனுப்பலாம். முன் சொன்ன உவமையில், 'பத்துப் படி' என்பதோடு 'இந்த ஊர்ப் படி' என்று சீட்டு ஒட்டி அனுப்புவது போன்றது இது.

1996-இல் ஹியூலெட் பேக்கர்டும் மைக்ரோசாஃப்டும் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிறவெளியை முன்மொழிந்தன. அக்காலத்துச் சாதாரண விண்டோஸ் கணினித் திரையை ஒட்டி வகுக்கப்பட்டது அது. சீட்டு இல்லாத படம் எதுவாயினும் எஸ்.ஆர்.ஜி.பி. என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் நோக்கம். 1999-இல் அது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரமாகவும் ஆனது.

ஐந்தாம் பதிப்பு செய்தது

ஐந்தாம் பதிப்பு பல புதுமைகளோடு வந்தது. செய்த வேலைகளைப் படிப்படியாகப் பின்னோக்கிச் சென்று நீக்கும் வரலாற்றுப் பலகை அதில்தான் அறிமுகமானது. எழுதிய எழுத்தைப் பின்னர் திருத்தும் வசதியும் அப்போதே வந்தது. விளம்பரங்களில் இவையே முன்னே நின்றன. நிறத்தைப் பற்றிய மாற்றமோ அமைப்புப் பட்டியலின் உள்ளே இருந்தது.

அந்த மாற்றத்தை ஒரே வரியில் சொன்னால், படத்தின் நிறவெளியும் திரையின் நிறவெளியும் பிரிக்கப்பட்டன. படம் பணிவெளி என்ற ஒரு கற்பனைத் திரையில் இருப்பதாகக் கொள்ளப்பட்டது. பயனரின் உண்மையான திரைக்கு அனுப்பும்போது மட்டும் ஃபோட்டோஷாப் எண்களை அதற்கேற்ப மாற்றி அனுப்பியது. கோப்பின் எண்கள் அப்படியே இருந்தன. இதனால் வெவ்வேறு திரைகளில் ஒரே படம் ஏறத்தாழ ஒரே நிறத்தில் தெரிய வழி பிறந்தது. மை பிரிப்பும் திரையைச் சார்ந்திருப்பதை விட்டது. கொள்கை அளவில் இது சரியான முடிவே.

சிக்கல் இரண்டு இடங்களில் இருந்தது. முதலாவது, பணிவெளியாக முன்கூட்டியே எஸ்.ஆர்.ஜி.பி. தேர்ந்து வைக்கப்பட்டிருந்தது. இணையத்துக்குப் படம் செய்பவர்களுக்கு அது பொருத்தம். அச்சுத் தொழிலில் இருந்தவர்களுக்கு அல்ல. ஃபோட்டோஷாப்பை அன்று வாங்கியவர்களில் இரண்டாவது வகையினரே அதை நம்பிப் பிழைத்தவர்கள். இரண்டாவது, நான்காம் பதிப்பு வரை சேமித்த கோப்புகளில் பெரும்பாலும் புரொஃபைல் இல்லை. சீட்டில்லாத பழைய மூட்டையை எந்தப் படியால் அளப்பது என்ற கேள்விக்குப் புதிய பதிப்பு ஏதேனும் ஒரு விடையைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது. அது தேர்ந்த விடை என்ன என்பது பலருக்குத் தெரியவே இல்லை.

படங்களுக்கு நேர்ந்தவை

ஒரே மென்பொருளை நிறுவியவர்கள் ஒன்றுக்கொன்று எதிரான குறைகளைச் சொன்னது அப்போது பெரும் குழப்பத்தை உண்டாக்கியது. அமைப்பைப் பொறுத்து விளைவு வேறுபட்டதே காரணம்.

மெக்கின்டாஷில் 1.8 காமா திரையில் செய்த பழைய படத்தை எடுத்துக்கொள்ளலாம். அதை மாற்றாமல் திறந்தால் எண்கள் அப்படியே இருக்கும். ஆனால் ஃபோட்டோஷாப் அந்த எண்களை எஸ்.ஆர்.ஜி.பி. எண்களாகப் படிக்கும். 128 என்ற நடுச்சாம்பல் முன்னர் 29 விழுக்காடு ஒளியாக இருந்தது. இப்போது 22 விழுக்காடாகக் காட்டப்படும். எனவே படம் இருண்டு தெரியும். இங்கே படத்துக்குச் சேதம் எதுவும் இல்லை. ஆனால் பயனர் அது தெரியாமல் தம் கண்ணுக்குச் சரியாக வரும்வரை வெளிச்சத்தைக் கூட்டிச் சேமித்துவிட்டால் சேதம் அவர் கையாலேயே நேர்ந்துவிடும்.

அதே படத்தைத் திறக்கும்போது பழைய திரையின் நிறவெளியிலிருந்து எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றிவிடும்படி அமைப்பு இருந்தால் கதை வேறு. தோற்றம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதால் ஃபோட்டோஷாப் எண்களை மாற்றும். 128 ஏறத்தாழ 145 ஆகும். ஃபோட்டோஷாப்புக்குள் படம் பழையபடியே தெரியும். பயனர் மகிழ்ந்து சேமிப்பார். பின்னர் அதே கோப்பைப் பக்க வடிவமைப்பு மென்பொருளிலோ உலாவியிலோ திறந்தால், அவை புரொஃபைலைப் பார்க்காமல் 145 என்ற எண்ணை அப்படியே 1.8 காமா திரைக்கு அனுப்பும். படம் வெளுத்துத் தெரியும். 'ஃபோட்டோஷாப்பில் ஒன்று, வெளியே ஒன்று' என்ற புலம்பல் பெரும்பாலும் இப்படி வந்தது.

கருப்பு வெள்ளைப் படங்களும் தப்பவில்லை. சாம்பல் எண்களை அச்சு மையின் அளவாகக் கொள்வதா, ஆர்.ஜி.பி. போன்ற ஒளியளவாகக் கொள்வதா என்று ஐந்தாம் பதிப்பு கேட்டது. தவறான விடையைத் தேர்ந்திருந்தால் முகங்கள் கருத்துப் போயின.

உண்மையான இழப்பு எண்கள் மாற்றப்பட்டுச் சேமிக்கப்பட்ட கோப்புகளில் நேர்ந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உள்ள கோப்பில் எல்லா எண்களையும் நகர்த்தினால் சில படிநிலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். வேறு சில இடங்கள் காலியாகும். ஒரு முறை செய்தால் கண்ணுக்குத் தெரிவதில்லை. திறக்கும்போதெல்லாம் வெவ்வேறு அமைப்புள்ள கணினிகளில் மாற்றி மாற்றிச் சேமித்தால், வானம் போன்ற சீரான பகுதிகளில் பட்டைகள் தோன்றும். எஸ்.ஆர்.ஜி.பி.யின் நிற எல்லைக்கு வெளியே இருந்த நிறங்களோ எல்லையிலேயே வெட்டப்பட்டன. இப்படி வெட்டியதை எந்த அமைப்பாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. புகைப்படக்காரர் ஒருவர் தம் பழைய சேமிப்பு முழுவதையும் புதிய பதிப்பில் திறந்து மூடிச் சேமித்திருந்தால், மூலப் பிரதி வேறெங்கும் இல்லாத நிலையில், இழந்தது இழந்ததுதான்.

அச்சுத் தொழிலின் எதிர்ப்பு

எஸ்.ஆர்.ஜி.பி.யின் நிற எல்லை அச்சுத் தொழிலுக்குப் போதாது என்பது முதன்மையான எதிர்ப்பு. சியான் எனப்படும் பச்சை கலந்த நீல மையைக் கலப்பின்றி நல்ல தாளில் அச்சிட்டால் கிடைக்கும் நிறம் எஸ்.ஆர்.ஜி.பி. எல்லைக்கு வெளியே உள்ளது. சில பச்சை நிறங்களும் அப்படியே. அச்சு இயந்திரம் தரக்கூடிய நிறத்தையே, படம் இயந்திரத்துக்குப் போகும் முன் மென்பொருள் வெட்டிவிடுகிறது என்றால் அச்சகத்தார் பொறுக்கமாட்டார்கள் என்பது இயல்பு. கடல், வானம், இலைகள் ஆகியவை பளிச்சென்று வர வேண்டிய நாட்காட்டிகளையும் சுற்றுலாக் கையேடுகளையும் நினைத்துப் பார்த்தால் போதும்.

இந்த விவாதத்தில் இருவர் பெயர் தவிர்க்க முடியாதது. டான் மார்குலிஸ் நிறத் திருத்தம் பற்றி நூல்கள் எழுதியவர். எண்களைப் பார்த்துத் திருத்துவதே உறுதியான வழி என்ற கருத்தினர். தானாக நடக்கும் நிற மேலாண்மையின் மீது அவருக்கு நம்பிக்கை குறைவு. புரூஸ் ஃபிரேசர் இதற்கு மறுபக்கம் நின்றார். நிற மேலாண்மை வேண்டும், ஆனால் எஸ்.ஆர்.ஜி.பி.யை அச்சுப் பணிக்கான பணிவெளியாக ஏற்க முடியாது என்பது அவர் நிலை. அதற்கு மாற்றாகத் தம் பெயரிலேயே புரூஸ் ஆர்.ஜி.பி. என்ற ஒரு நிறவெளியையும் அவர் வகுத்துத் தந்தார். நிற மேலாண்மை பற்றி அவர் மற்ற இருவருடன் எழுதிய நூல் 2003-இல் வெளிவந்து இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றானது. 2006-இல் அவர் காலமானார். இருவருக்கும் இடையிலான கருத்து வேறுபாடு கடுமையானது என்றாலும், எஸ்.ஆர்.ஜி.பி.யை முன்தேர்வாக வைத்தது தவறு என்பதில் இருவரும் ஒன்றுபட்டது கவனிக்கத்தக்கது.

காரணம் கண்டறியும் வழி

குழப்பத்தினூடே தெளிவான ஒரு சோதனை முறை உருவானது. படத்தின் தோற்றத்தைப் பார்த்து வாதிடுவதை விட்டுவிட்டு எண்களைப் பார்ப்பது என்பதே அது. பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே கோப்பைத் திறந்து, ஒரே புள்ளியில் சுட்டியை வைத்துத் தகவல் பலகையில் உள்ள மூன்று எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருந்து தோற்றம் மட்டும் மாறியிருந்தால், கோப்புக்கு எதுவும் ஆகவில்லை. எண்ணுக்குத் தரப்படும் பொருளோ, திரைக்கான புரொஃபைலோ மாறியிருக்கிறது. எண்களே மாறியிருந்தால் திறக்கும்போது மாற்றம் நடந்துவிட்டது; சேமிக்காமல் மூடிவிட வேண்டும். இந்த ஒரு பிரிப்பு பாதி வேலையை முடித்துவிடும். வகுப்பறையில் கணக்கு தவறினால் வினாவை எழுதியதில் தவறா, போட்டதில் தவறா என்று முதலில் பார்ப்பது போன்றதே இது.

அடுத்து வருவது திரையின் புரொஃபைல். அடோபி காமா என்ற சிறு கருவி ஐந்தாம் பதிப்போடு வந்தது. பயனர் கண்ணால் பார்த்துச் சில கட்டங்களைப் பொருத்தினால் அது திரைக்கு ஒரு புரொஃபைல் செய்து தரும். பொருத்தியவர் அவசரத்தில் தவறாகப் பொருத்தியிருந்தால், அந்தத் தவறு ஃபோட்டோஷாப்பில் திறக்கும் ஒவ்வொரு படத்திலும் தெரியும். மற்ற மென்பொருள்களில் தெரியாது. மூன்று எண்களும் சமமாக உள்ள சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறப்பது இதற்குச் சோதனை. ஃபோட்டோஷாப்பில் மட்டும் அது மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிந்தால் குற்றம் படத்தில் இல்லை, திரையின் புரொஃபைலில். பிற்காலத்தில் தட்டைத் திரைகளோடு வந்த தவறான புரொஃபைல்களால் வெள்ளைப் பரப்பு மஞ்சளாகத் தெரிந்த குறையும் இதே சோதனையில் பிடிபட்டது. அப்போதைக்குத் திரைப் புரொஃபைலாக எஸ்.ஆர்.ஜி.பி.யை வைத்துப் பார்த்தால் குறை மறைகிறதா என்பது உடனே தெரிந்துவிடும். நிலையான தீர்வு, திரையின் ஒளியை அளக்கும் கருவியால் புதிய புரொஃபைல் செய்வது.

அச்சுப்பொறியில் வரும் குறைக்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. ஃபோட்டோஷாப் ஒரு முறை நிறத்தை மாற்றி அனுப்ப, அச்சுப்பொறியின் இயக்கி இன்னொரு முறை மாற்றிவிடும். இரட்டை மாற்றம் நிகழ்ந்த படத்தில் தோல் நிறம் செக்கச்சிவந்தோ நீலம் பாய்ந்தோ வரும். இரண்டில் ஒன்றை நிறுத்தினால் போதும். எது நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு வேறு திரைச்சாளரத்தில் ஒளிந்திருப்பதுதான் தொல்லை.

பழைய முறையே போதும் என்றவர்களுக்கும் வழி இருந்தது. பணிவெளியாகத் தம் திரையையே வைத்து, திரைக்கான ஈடுசெய்தலை நிறுத்தி, புரொஃபைல் பொதிவதையும் நிறுத்திவிட்டால் ஐந்தாம் பதிப்பு நான்காம் பதிப்பைப் போலவே நடந்துகொண்டது.

5.0.2 திருத்தம்

எதிர்ப்பைக் கண்ட அடோபி சில மாதங்களில் 5.0.2 திருத்தத்தை வெளியிட்டது. பயனரின் வேலை எத்தகையது என்று கேட்டு, அதற்கேற்ப நிற அமைப்புகளை வைக்க வழிகாட்டும் ஒரு துணை நிரல் அதில் இருந்தது. இணையத்துக்கா, அச்சுக்கா, அல்லது பழைய முறையே வேண்டுமா என்று தெரிந்தெடுக்கலாம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

அடோபி ஆர்.ஜி.பி. பிறந்த விதம்

இந்தச் சிக்கலின் துணை விளைவாக ஒரு நிறவெளி பிறந்தது. அது பிறந்த விதம் வேடிக்கையானது. ஐந்தாம் பதிப்புக்காகப் பயனுள்ள சில நிறவெளிகளைச் சேர்க்க விரும்பிய தாமஸ் நோல், உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கான எஸ்.எம்.பி.டி.இ. 240எம் என்ற தர ஆவணத்தில் கண்ட எண்களைக் கொண்டு ஒரு புரொஃபைல் செய்தார். எஸ்.ஆர்.ஜி.பி.யை விட அதன் எல்லை பரந்தது. சியானும் பச்சையும் வெட்டுப்படாமல் தப்பின. அச்சுத் தொழிலினர் அதை விரும்பிப் பயன்படுத்தத் தொடங்கினர்.

பின்னர் தொலைக்காட்சித் தரத்தை நன்கறிந்தவர்கள் அடோபிக்கு ஒரு செய்தியைச் சொன்னார்கள். எடுத்தாண்ட எண்கள் அந்தத் தரத்தின் உண்மையான எண்கள் அல்ல. ஆவணத்தில் இலட்சிய நிலையாகக் குறிப்பிடப்பட்டவை. உண்மையான எண்கள் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு நெருக்கமானவை. அது போதாதென்று, சிவப்புக்கான எண்ணைப் படியெடுக்கும்போது பிழையும் நேர்ந்திருந்தது. அடோபி சிவப்பைத் திருத்திப் பார்த்தது; வெள்ளைப் புள்ளியை மாற்றிப் பார்த்தது. ஒவ்வொரு திருத்தமும் சி.எம்.ஒய்.கே. மாற்றத்தை மோசமாக்கியது. கடைசியில் எண்களை அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மாற்றுவதே நல்லது என்று முடிவாயிற்று. அதுவே அடோபி ஆர்.ஜி.பி. (1998). திருத்தாமல் விட்ட பிழையே தரமான வரலாறு தொழில்நுட்பத்தில் அரிதல்ல என்றாலும், இவ்வளவு வெளிப்படையாக நடந்தது குறைவு.

ஆறாம் பதிப்பு

2000-ஆம் ஆண்டு வந்த ஆறாம் பதிப்பில் நிற அமைப்பு முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. ஐந்தாம் பதிப்பில் திறந்திருக்கும் எல்லா ஆர்.ஜி.பி. படங்களுக்கும் ஒரே பணிவெளிதான். பணிவெளியை மாற்றினால் திறந்திருந்த எல்லாப் படங்களின் தோற்றமும் மாறியது. ஆறாம் பதிப்பில் ஒவ்வொரு படமும் தனக்கான புரொஃபைலைத் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். பணிவெளி என்பது புதிய படங்களுக்கும் சீட்டில்லாத படங்களுக்கும் மட்டும் உரிய முன்தேர்வாகச் சுருங்கியது.

முன்பு ஒன்றாகக் குழம்பிக் கிடந்த இரண்டு செயல்கள் தனித்தனிக் கட்டளைகளாயின. எண்களைத் தொடாமல் சீட்டை மட்டும் ஒட்டுவது ஒன்று. அதில் எண் மாறாது, தோற்றம் மாறும். தோற்றத்தைக் காத்து எண்களை இன்னொரு நிறவெளிக்கு மாற்றுவது மற்றொன்று. அதில் தோற்றம் மாறாது, எண் மாறும். பழைய சீட்டில்லாத கோப்புக்கு முதலில் சரியான சீட்டை ஒட்ட வேண்டும். அதன் பிறகே, தேவையென்றால், மாற்ற வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்ததால்தான் 1998-இல் பல படங்கள் கெட்டன.

கோப்பில் உள்ள புரொஃபைலும் பணிவெளியும் வேறாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கும் எச்சரிக்கைப் பெட்டியும் சேர்ந்தது. படத்தின் தலைப்புப் பட்டையில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் புரொஃபைல் பணிவெளியிலிருந்து வேறுபட்டது என்றும், '#' குறி இருந்தால் புரொஃபைலே இல்லை என்றும் பொருள். நான்காம் பதிப்பைப் போல நடந்துகொள்ளும்படி ஓர் ஆயத்த அமைப்பும் பட்டியலில் பெயரோடே இடம்பெற்றது. இரண்டு பதிப்புகள் கடந்த பின்னும் அதை வைத்திருக்க வேண்டியிருந்தது என்பதே எதிர்ப்பு எவ்வளவு நீடித்தது என்பதைக் காட்டும்.

பிற்காலச் சிக்கல்கள்

பதிப்பு மாறும்போது நிறம் மாறும் சிக்கல் இதோடு ஓய்ந்துவிடவில்லை. 2002-இல் வந்த ஏழாம் பதிப்பு, இலக்கக் கேமராப் படங்களில் கேமரா எழுதிவைக்கும் நிறவெளிக் குறிப்பைப் படிக்கத் தொடங்கியது. சில கேமராக்கள் உண்மை எதுவாயினும் எஸ்.ஆர்.ஜி.பி. என்றே எழுதிவந்தன. அதனால் அந்தக் குறிப்பைப் புறக்கணிக்க ஒரு வழியை அடோபி தர வேண்டியதாயிற்று. 2009-இல் ஆப்பிள் தன் பத்தாம் இயங்குதளத்தின் 10.6 பதிப்பில் காமாவை 1.8-லிருந்து 2.2-க்கு மாற்றியது. புரொஃபைல் பொதிந்த படங்களுக்கு அதனால் கேடில்லை. பொதியாத பழைய படங்கள் மட்டும் மீண்டும் ஒருமுறை இருண்டன. 2010-இல் வந்த ஃபோட்டோஷாப் சி.எஸ்.5-இல், அச்சிடும்போது நிற மேலாண்மை வேண்டாம் என்ற தெரிவு நீக்கப்பட்டது. அச்சுப்பொறிக்குப் புரொஃபைல் செய்பவர்களுக்குச் சோதனைத் தாளை மாற்றமின்றி அச்சிட அந்தத் தெரிவு கட்டாயம் வேண்டும். அவர்களுக்காக அடோபி தனியே ஒரு சிறு நிரலை வெளியிட்டது.

இணைய உலாவிகள் புரொஃபைலை மதிக்கத் தொடங்கப் பல ஆண்டுகள் ஆயின. ஃபயர்ஃபாக்ஸ் 2008-இல் அந்த வசதியைச் சேர்த்தும் முன்தேர்வாக நிறுத்தியே வைத்திருந்தது. 2009-இல் வந்த 3.5 பதிப்பில்தான் புரொஃபைல் பொதிந்த படங்களுக்கு அது தானாக இயங்கியது. அதுவரை அடோபி ஆர்.ஜி.பி.யில் சேமித்த படத்தை இணையத்தில் ஏற்றியவர்கள், அது சோர்ந்த நிறத்தில் தெரிவதைக் கண்டு 1998-இல் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடோபி ஆர்.ஜி.பி.யின் முழு விவரக்குறிப்பை நிறுவனம் 2005-இல் வெளியிட்டது. நல்ல கேமராக்களின் நிறவெளிப் பட்டியலில் இன்றும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று எஸ்.ஆர்.ஜி.பி. மற்றொன்று, ஒரு தர ஆவணத்தைத் தவறாகப் படித்ததால் பிறந்த அந்த நிறவெளி.